ரேடியோவின் பதின்மூன்றாவது சொல்

சலூன்காரர் தன் மனைவியின் தலையைச் சீவிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் யாரோ அவள் முடியை ஒரு பக்கமாக அள்ளிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் நேர் வகிடுதான். சீப்பின் நுனியால் வகிட்டைப் பிடித்து, இரண்டு பக்கமும் படிய வாரி, காதோரம் பிரிந்த நரையை விரலால் ஒதுக்கினார். முப்பது வருடமாக ஊரார் தலையில் விளையாடிய கை, இன்று ஒரு வகிட்டுக்கு மூன்று தடவை சீப்பை எடுத்து எடுத்து வைத்தது.

அப்போது அவர் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. பக்கத்தில் நின்ற மச்சினன் அதை எடுத்துப் பேசினான். பேசப் பேச அவன் முகம் மாறியது.

"மாமா, பிட்காயின் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்சுல இருந்து பேசுறாங்க. அக்காவோட பிட்காயின் கணக்கை இன்னும் ரெண்டு மணி நேரத்துல முடக்கப் போறாங்களாம்."

இறந்தவளுக்கு ஒரே தம்பி அவன். டயர் கடை வைத்திருந்தான். நல்ல பிள்ளை, ஆனால் சரியான அவசரக்குடுக்கை. நேற்று மதியம் ஆஸ்பத்திரி மருந்து கவுன்டரில் வேலையாக இருந்த அக்கா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்று செய்தி வந்ததும், அழுதுகொண்டே அவள் படத்தை இணையத்தில் போட்டான். 'ஊரே சிரித்தபோது பிட்காயின் வாங்கிய என் அறிவாளி அக்கா' என்று அதன் கீழே எழுதி, அடக்கத்துக்கு வருகிறவர்கள் விசாரிக்க மாமாவின் எண்ணையும் கொடுத்திருந்தான். அக்காவைப் பற்றி அவனுக்கு அவ்வளவு பெருமை. அதை யார் யாரெல்லாம் படிப்பார்கள் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

ஸ்பீக்கரில் வந்த குரல் தேனாக ஒழுகியது. "உங்க இழப்புக்கு எங்க நிறுவனத்தோட ஆழ்ந்த வருத்தம் சார். இறந்தவங்க கணக்கை நாங்க முடக்கியாகணும். அதுக்குள்ள வாரிசு பேருக்கு மாத்திக்கலாம். மேடம் அவங்க வாலட்டோட பன்னிரண்டு மீட்புச் சொற்களை எங்கயாவது எழுதி வெச்சிருப்பாங்க. நான் இப்ப ஒரு லிங்க் அனுப்பறேன். அதுல அந்தச் சொற்களைப் போட்டா போதும்."

"வேண்டாம்டா மாப்ள," என்றார் சலூன்காரர். "அதைக் கேக்குறவன் எவனா இருந்தாலும் திருடன்னு உங்க அக்கா சொல்லுவா."

"அது அக்கா இருந்தப்ப சொன்னது மாமா. எனக்கு நடந்தது மறந்துபோச்சா? காலையில எந்திரிச்சுப் பாத்தா வெப்சைட்டே இல்ல. எட்டு மாசம் போன் போட்டேன், ஒரு பய எடுக்கல. அன்னைக்கு இந்த மாதிரி ஒருத்தன் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே மாதத்தில்தான் பிட்காயின் வாங்க ஆரம்பித்தார்கள். அவன் வாங்கியதை எல்லாம் வாங்கின எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தான். அவளோ சம்பளம் வந்த அன்று கொஞ்சம் வாங்குவாள்; அன்று சாயங்காலமே அதைத் தன் வாலட்டுக்கு மாற்றிவிடுவாள். "கடைக்குப் போனோமா, வாங்கினோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருக்கணும். வாங்குன சாமானை யாராவது கடையிலயே விட்டுட்டு வருவாங்களா?" என்பாள். வாலட்டுக்கான சாவி பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவிக்குள் இருந்தது. அந்தக் கருவி தொலைந்தால் மீட்டெடுக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். எல்லாம் மகளுக்காக. இன்னொருவரிடம் சம்பளத்துக்கு இருக்கும் பிசியோதெரபிஸ்ட் மகள், ஒருநாள் சொந்தமாக ஒரு கிளினிக் போட வேண்டும். எக்ஸ்சேஞ்ச் இழுத்து மூடப்பட்ட அன்று தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அக்காவின் காசுக்கு ஒரு கீறல் விழவில்லை.

மகள் இப்போது வீட்டில் இல்லை. இறப்புச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அடக்கத்துக்கு எடுத்துப்போகும் வண்டி நாலு மணிக்கு வரும்.

மச்சினன் காத்திருக்கவில்லை. நேராக உள்ளறைக்குப் போனான். பீரோவைத் திறந்து, காப்பீட்டுப் பத்திரங்களுக்கு அடியிலிருந்து ஓர் உறையை உருவிக்கொண்டு வந்தான். 'யார் கேட்டாலும் கொடுக்காதே' என்று உறையின் மேலேயே அவள் கையெழுத்தில் கொட்டையாக எழுதியிருந்தது. சலூன்காரர் சீப்பும் கையுமாக எழுந்து வருவதற்குள், அந்த லிங்க்கைத் தன் போனில் திறந்து ஒன்பது சொற்களை அவன் தட்டி முடித்திருந்தான்.

"போனைக் கொடுடா!"

"இருங்க மாமா, மூணே மூணுதான் பாக்கி."

பன்னிரண்டும் உள்ளே போயின. திரையில் வாலட் திறந்தது. அதில் இருந்த தொகையைப் பார்த்து மச்சினன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். ஒரு சைக்கிள் வாங்கலாம். அதுவும் பழைய சைக்கிள்.

"இவ்வளவுதானா?" என்றாள் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா. பாவம் என்று உச்சுக்கொட்டினாள். "இதுக்கா இத்தனை வருஷம் அந்த அலட்டல் அலட்டினா? நான்கூட ஏதோ மலையைச் சேத்து வெச்சிருக்கான்னு இல்ல நெனச்சேன்!"

சலூன்காரருக்குக் காதுவரை சூடு ஏறியது. படுத்திருப்பவளைப் பார்த்தார். பதில் சொல்ல அவளால் முடியாது. சொல்ல முடிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஸ்பீக்கர் குரல் அவசரமே காட்டாமல் மறுபடியும் வந்தது. "சார், இது முழுக் கணக்கு இல்ல. சில பேர் பன்னிரண்டுக்கு மேல கூடுதலா ஒரு சொல் வெச்சிருப்பாங்க. அதைப் போட்டாதான் உண்மையான வாலட் திறக்கும். பதின்மூணாவது சொல்லை வீட்டுல யார்கிட்டயாவது மேடம் சொல்லியிருப்பாங்களே? கணவர்கிட்ட?"

மச்சினனுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "மாமாகிட்டயா? அவர்கிட்ட சொல்லியிருந்தா இந்நேரம் ஊருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும் சார்!"

வந்திருந்தவர்களில் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தப்பும் இல்லை. சலூன்காரருக்கு ஊரில் வைத்த பெயர் ரேடியோ. அவர் காதில் விழுந்த விஷயம் அடுத்த தலை உட்காரும்வரைகூட அவர் வயிற்றில் தங்காது. யார் வீட்டில் யாருக்கு எத்தனை மாதம், யார் பையன் எந்தப் பாடத்தில் கோட்டைவிட்டான், எல்லாமே கத்தரிச் சத்தத்தோடு ஒலிபரப்பாகும். சொந்த மகளுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கினால்கூட, வாங்கிய கையோடு அவளிடமே என்ன நிறம் என்று சொல்லிவிடுவார்.

ஆனால் அந்தச் சொல் அவருக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கடைசி வாடிக்கையாளன் போன பிறகு, அவள் சலூனுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முடியின் நுனியை வெட்டச் சொன்னாள். அவர் வெட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே அந்தச் சொல்லைச் சொன்னாள். ஐந்து முறை திருப்பிச் சொல்ல வைத்தாள்.

"எழுதி வெச்சுக்கட்டுமா?"

"எழுதினா கையை ஒடிப்பேன். காகிதம் யார்கிட்டயும் சிக்கலாம். சிக்கினா சிக்கட்டும், அந்தப் பன்னிரண்டை வெச்சுத் திறந்தா நான் போட்டு வெச்சிருக்கற சில்லறைதான் கிடைக்கும். இந்தச் சொல் இருந்தாதான் மத்தது."

"போயும் போயும் என்கிட்டயா? நம்ம பொண்ணுகிட்ட சொல்லலாமே?"

"காகிதம் இருக்கற இடம் அவளுக்குத் தெரியும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாது. உங்ககிட்ட ரகசியம் இருக்கும்னு உலகத்துல ஒருத்தனும் தேட மாட்டான்ங்க. இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். தன்னை மெச்சுகிறாளா, வாருகிறாளா என்று அவருக்கு அன்றைக்கும் புரியவில்லை, அதற்குப் பிறகும் புரியவில்லை. அந்த ஒரு சொல்லைச் சுமக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எத்தனையோ நாள் சவரக்கத்தியும் கையுமாக நிற்கும்போது நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அப்போதெல்லாம் அவசரமாக வேறு யார் வீட்டுக் கதையையாவது அவிழ்த்துவிட்டுத் தப்பித்தார். அந்த இரண்டு வருடத்தில் ஊர் ரகசியங்கள் முன்னைவிட வேகமாகக் காற்றில் பறந்தது அதனால்தான்.

இப்போது கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. 'எனக்குத் தெரியும்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்து வீட்டம்மாவின் வாய் அடைத்துவிடும். மச்சினன் சிரிப்பு நின்றுவிடும். என் பெண்டாட்டி சேர்த்து வைத்தது மலைதான் என்று இந்தக் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அவளுக்காகப் பெருமைப்பட இன்றைக்கு விட்டால் வேறு நாள் ஏது? அவர் வாய் திறந்தேவிட்டது.

"எனக்கு என்ன தெரியும்?" என்றார். "என்கிட்ட போய் யாராவது சொல்லுவாங்களா?"

கையை நீட்டிச் செல்போனைப் பிடுங்கி அழைப்பைத் துண்டித்தார்.

மச்சினன் தன் போனில் இன்னும் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தான். அந்தச் சைக்கிள் காசு அவன் கண்ணெதிரிலேயே பூஜ்ஜியமானது. அவனுக்கு உறைக்கச் சில நொடிகள் பிடித்தன. உறைத்ததும் அப்படியே சுவரோடு சரிந்தான்.

"அய்யோ மாமா... அக்கா காசைத் திருடன்கிட்ட தூக்கிக் குடுத்துட்டேனே. அவ முகத்துல எப்படி முழிப்பேன்..."

அவனைத் தேற்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையும் அவரிடம் இருந்தது. கூடத்தில் இருபது காதுகள் விரிந்திருந்தன. சலூன்காரர் அவன் தோளில் கைவைத்து, "எந்திரிடா, தண்ணி குடி," என்று மட்டும் சொன்னார். பிறகு மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாரிவிட ஆரம்பித்தார். இப்போது ஒரே இழுப்பில் வகிடு நேராக விழுந்தது.

மகள் இரண்டரை மணிக்கு வந்தாள். பிரிந்து கிடந்த உறையையும் தாய்மாமன் அழுதுகொண்டிருப்பதையும் பார்த்ததும் யாரும் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் விளங்கியது. சான்றிதழை மடிக்காமலே கையில் பிடித்தபடி நின்றாள்.

"உள்ள வா," என்றார் அப்பா.

உள்ளறைக் கதவைத் தாழிட்டார். ஜன்னலையும் சாத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தன் குரலைத் தணித்துக்கொள்வதை மகள் பார்த்தாள். பதின்மூன்றாவது சொல் ஒன்று இருக்கிறது என்றார். அது தன்னிடம் இருக்கிறது என்றார். அவள் நம்பாமல் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம், மூணு மாசம்."

"நீங்களா? யார்கிட்டயும் சொல்லாமலா?"

"உங்க அம்மாகிட்டகூட அதுக்கப்புறம் சொல்லல."

அவள் அம்மாவின் கருவியைக் கணினியில் செருகினாள். அவர் குனிந்து அவள் காதில் சொன்னார். அது என்ன சொல் என்று இன்றுவரை வேறு யாருக்கும் தெரியாது. எழுத்துகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. வாலட் திறந்தது. மகள் திரையைப் பார்த்தாள், பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது. சலூன்காரருக்கு நெஞ்சு விம்மிப் பெருத்தது. என் பெண்டாட்டியைப் போல ஒருத்தி உண்டா என்று நினைத்தார். கூடவே, நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை என்றும் நினைத்தார்.

"அப்பா, பன்னிரண்டு சொல் அவன் கையில போயிடுச்சு," என்றாள் மகள், மூக்கை உறிஞ்சியபடி. "பதின்மூணாவதை அவன் ஊகிச்சு ஊகிச்சுப் போட்டுப் பாப்பான். அதுக்குள்ள எல்லாத்தையும் புது வாலட்டுக்கு மாத்திடணும். அம்மா உபரியா ஒரு கருவி வாங்கி வெச்சிருக்காங்க."

அரை மணி நேரம் அப்பாவும் மகளும் தலை நிமிரவில்லை. அந்தக் கருவியின் குட்டித் திரையில் புதிதாகப் பன்னிரண்டு சொற்கள் வந்தன. மகள் அவற்றைப் படம் பிடிக்காமல், கணினியில் தட்டாமல், அம்மா செய்வதுபோலக் காகிதத்தில் பேனாவால் எழுதிக்கொண்டாள். இரண்டு தடவை சரிபார்த்தாள். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"இனி பதின்மூணாவது சொல்," என்றாள்.

"நீ படிச்ச பொண்ணு. நல்லதா ஒண்ணு யோசி."

மகள் கருவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டே பொத்தான் உள்ள கருவி அது. எழுத்துகளை உருட்டி உருட்டித்தான் பிடிக்க வேண்டும். எப்படி என்று காட்டிக்கொடுத்தாள். பிறகு காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்களே போடுங்கப்பா. எனக்கு இப்பச் சொல்ல வேண்டாம். போட்டதும் கூப்பிடுங்க, காசை இதுக்கு மாத்திட்டே கிளம்பலாம்."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"உங்களுக்கு எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லுங்க. அது உங்களுக்குத் தெரியும்."

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மச்சினனின் குரல் கேட்டது. "வண்டி வந்துடுச்சும்மா. அப்பாவைக் கூப்பிடு."

"கொஞ்சம் நில்லுங்க மாமா," என்றாள் மகள். அவள் முதுகு கதவில் சாய்ந்தது. "அப்பா ஒரு வேலையா இருக்காங்க."

சலூன்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் எழுத்தைத் தேடி உருட்டினார்.