ஒரு கிண்ணம் குமிஸ்

சூசமீர் பள்ளத்தாக்கில் கோடைக்காலத்தில் கூடார வாசலில் நீட்டப்படும் குமிஸை யாரும் மறுப்பதில்லை. மினி பஸ் ஓட்டும் தோத்துகுலும் மறுக்கவில்லை. புளித்த குதிரைப்பால் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு வண்டியை எடுத்தாள். அடுத்த வளைவிலேயே போலீஸ்காரன் எர்கின் மறித்து ஊதச் சொன்னான். கருவி சட்ட வரம்பைத் தாண்டிக் காட்டியது.

"குடிச்சு ஓட்டினதுக்கான இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுக்கா. லைசென்ஸ் போச்சு."

"போடமாட்டேன். வாயில ஒட்டியிருக்கிற குமிஸத்தான் உன் மெஷின் மோந்திருக்கு, ரத்தத்துல ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஊதறேன்."

பயணிகள் முணுமுணுத்தார்கள். எர்கின் குரலைத் தாழ்த்தினான். "குமிஸ்தானேக்கா? நான் பாக்காத மாதிரி இருந்துடறேன், கிளம்பு."

அவளுக்கும் கிளம்பிவிட ஆசைதான். ஆனால் அத்தனை பேர் பார்த்துவிட்டார்களே!

"நாளைக்கே, குடிகாரின்னு தெரிஞ்சும் விட்டேன்னு டீக்கடையில சொல்லுவ. அப்புறம் எவன் என் வண்டியில ஏறுவான்?"

எஞ்சினை அணைத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, சாலையோரப் பாறையில் போய் உட்கார்ந்தாள்.

"குதிரைக்கா பொறந்த நீ, இவ்ளோ முரண்டு பிடிக்கிற?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

"ஆமாய்யா, அதான் குதிரைப்பால் எனக்கு ஏறல!"

பஸ்ஸே சிரித்தது. எதிர் மலையின் நிழல் நகர்ந்து பாறையைத் தொட்டபோது எழுந்து வந்து மறுபடி ஊதினாள். கருவி சுழியத்தைக் காட்டியது.

"சரிக்கா, போ," என்றான் எர்கின்.

"முதல்ல அதைப் படிச்சுச் சொல்லு."

"சுழியம்."

"பின்சீட்டுக்கும் கேக்கணும்," என்றாள் அவள்.