மின்வேலியும் பரே ஆன்ட்டியின் உள்ளங்கையும்

1

இந்தக் கதைக்கு விதை போட்டது ஒரு ரேடியோவின் விக்கல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஏதோ யோசித்து யோசித்துக் கட்டியதாக நீங்கள் நினைக்கக் கூடாது. நியூசிலாந்தின் டெ புக்கே ஊரில் கிவிப்பழம் அடுக்கும் கொட்டகையில் பல வருஷமாக வேலை பார்க்கிறவன் நான். எழுத்தெல்லாம் மிச்ச நேரத்தில்தான்.

ஆரம்பம் மட்டும் லேசில் வரவில்லை.

"சர்வோ மோட்டார் என்பது தன் நிலையைத் தானே அறிந்து..." (பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன்.)

"வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த..." (பச்சைப் பொய். சுள்ளென்று வெயில்.)

"ரொய்மதாவுக்கு அழுகை அழுகையாக வந்தது." (இது இருக்கட்டும்.)

2

அழுகைக்குக் காரணம் ஓர் இயந்திரக் கை. பழத்தை உறிஞ்சித் தூக்கி, தட்டின் குழியில் வைக்கும் கை. அதன் மூட்டுக்கு மூட்டு சர்வோ மோட்டார்.

சாதாரண மோட்டாரைச் சுற்று என்றால் சுற்றும், எங்கே நிற்கிறோம் என்று அதற்கே தெரியாது. சர்வோவுக்கு முதுகில் ஒரு கண் உண்டு. எங்கே போகச் சொன்னார்கள், இப்போது எங்கே இருக்கிறேன் என்று நாம் இமை மூடித் திறப்பதற்குள் நூற்றுக்கணக்கான தடவை கேட்டு, வித்தியாசத்தைத் திருத்திக்கொண்டே போகும். அலுப்பு கிடையாது, முணுமுணுப்பு கிடையாது. என்ன பிறவியப்பா இது! நான் ஒரு வாக்கியத்தை இரண்டு தரம் திருத்துவதற்குள் டீ கேட்கிறவன்.

எவ்வளவு அழுத்தமாகத் திருத்துவது என்பதில்தான் வித்தை. குறைந்தால் கை சோம்பும். கூடினால் இலக்கைத் தாண்டி, பதறித் திரும்பி, மறுபடி தாண்டி, நின்ற இடத்தில் நடுங்கும். (இந்தப் பத்தியைக்கூட நான் அளவுக்கு மீறித் திருத்திவிட்டேன். நடுக்கம் தெரிகிறதா?)

* ரொய்மதாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "கண்ணுன்னு எழுதுனது சரி. ஆனா நான் அழலடா. கண்ணுல கிரீஸ் பட்டுருச்சு" என்றாள். நான் மாற்றவில்லை. அழுதாள்.

3

ரொய்மதா எங்கள் கொட்டகையின் மின்பொறியாளர். பரே அவளுடைய அம்மாவின் தங்கை. ஆனால் கொட்டகைக்கே அவர் ஆன்ட்டிதான். இத்தனை பருவங்களாகப் பழம் அடுக்கி அடுக்கி ஆன்ட்டியின் வலது தோள் போய்விட்டது. தலைமுடியை இடது கையால்தான் வாருகிறார். அந்தத் தோளுக்காகத்தான் ரொய்மதா நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி இந்தக் கையை வாங்க வைத்தாள். கை ஓடினால் ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்து அதை மேற்பார்வை பார்க்கலாம். ஓடாவிட்டால் பழையபடி மேசைக்குத்தான் போக வேண்டும்.

கைக்கு நடை சொல்லிக் கொடுக்க அவள் ஆன்ட்டி அடுக்குவதைப் படம் பிடித்தாள். மெதுவாகக் கிளம்பி, நடுவில் பறந்து, வைக்கும்போது குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி தணியும் கை அது. அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே மோட்டாரில் ஏற்றினாள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் யார் கைக்கும் செய்ததில்லை.

மேலாளர் ராவிரி கறாராகச் சொல்லிவிட்டார். "நாளைக்குக் காலைல பருவம் தொடங்குற பிரார்த்தனை. பெரியவங்க எல்லாரும் வந்து நிப்பாங்க. அதுக்குள்ள இது ஒழுங்கா வைக்கணும். ஒரு பழம் அடிபட்டாலும் லாரில ஏத்தித் திருப்பி அனுப்பிடுவேன்."

"யாரு பாத்துச் சொல்றது?" என்றாள் ரொய்மதா.

"வேற யாரு? ஆன்ட்டி கைதான். அது பொய் சொல்லாது."

4

அன்று மதியம் கை துள்ளியது. பழத்தை வைக்கப் போகும், டக்கென்று ஓர் உதறல், பழம் நசுங்கும். ரொய்மதா திருத்தத்தைக் குறைத்தாள். கை தூங்கி வழிந்தது, உதறல் போகவில்லை. கூட்டினாள். நடுங்கியது, உதறலும் சேர்ந்துகொண்டது.

ஆன்ட்டி மூலையில் ரக்பி வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். "சனியன், இந்த ரேடியோவுக்கு விக்கல் வேற! கோல் போட்டானா இல்லியான்னே தெரியல."

டிக். டிக். டிக்.

ரொய்மதா நிமிர்ந்தாள். ரேடியோவைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ரேடியோ விக்கும் போதெல்லாம் கையும் விக்கியது!

"வேலி!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

இந்த ஊரில் மாடு இருந்தால் மின்வேலி இருக்கும். நொடிக்கொரு தரம் கம்பியில் ஒரு துடிப்பு போகும். என் முதல் வரைவில் பக்கத்துப் பண்ணைக்காரர் க்ரேம் மீது பழியைப் போட்டிருந்தேன். கதைக்கு வில்லன் வேண்டாமா? நடந்தது வேறு. முந்தின நாள் க்ரேமின் மாடுகள் எங்கள் முற்றத்துக்குள் நுழைந்துவிட்டன. ராவிரியே வேலியை ஒட்டுப்போட்டார். துடிப்பை அனுப்பும் வேலிப் பெட்டியின் மண்கம்பியை, அதாவது எர்த்தை, எங்கே கட்டுவது? கொட்டகைக்குப் பின்னால் பளபளவென்று புதுக்கம்பி ஒன்று நின்றது. அது இயந்திரக் கையின் எர்த்துக்காக ரொய்மதா அடித்தது. வேலியின் ஒவ்வொரு துடிப்பும் மண்ணுக்குள் இறங்கும் வழியில் மோட்டாரின் கண்ணில் தூசி போட்டிருக்கிறது. அதுவோ பொய்யை மெய்யென்று நம்பி, விசுவாசமாகத் திருத்தித் திருத்திப் பழத்தை நசுக்கியிருக்கிறது. பாவம்!

"அங்கதான் ஏற்கெனவே ஒரு கம்பி நிக்குதே, இன்னொண்ணு எதுக்கு அடிக்கணும்னு..." ராவிரி தலையைச் சொறிந்தார்.

"மாமா, உங்க சிக்கனத்துல என் கைக்கு வலிப்பு வந்துருச்சு!"

"சரி சரி, கத்தாத. சுத்தியல எடு." கையிலிருந்து வெகுதூரம் தள்ளி அவரே புதுக் கம்பி அடித்தார். அதுவரை வேலி செத்துக் கிடந்ததால் மாடு ஒன்று வந்து நசுங்கிய பழத்தையெல்லாம் தின்றுவிட்டுப் போனது.

5

முடிவு.

கை மறுபடி ஓடியது. ரேடியோவும் விக்கவில்லை. ராவிரி, "ஆன்ட்டி, பாருங்க" என்றார்.

ஆன்ட்டி எழுந்து வந்து, தட்டு இருக்க வேண்டிய இடத்தில் தன் வலது உள்ளங்கையை நீட்டினார். தோள் வலியில் கை இடுப்புக்கு மேல் ஏறவில்லை. ரொய்மதா வேகத்தைத் தணித்து, பழம் இறங்கும் உயரத்தை அந்தக் கை மட்டத்துக்கு மாற்றினாள். இயந்திரக் கை மெதுவாகக் கிளம்பியது, நடுவில் விரைந்தது, தணிந்தது. பழம் ஆன்ட்டியின் கையில் அமர்ந்தது. அவர் விரல்களை மூடினார்.

முதல் வரைவில் "அடிபடல" என்று சிரிக்க வைத்தேன். இரண்டாவதில் "லேசா அடிபட்டுருக்கு" என்று சொல்ல வைத்தேன். பொய்தான், ஆனால் ஏன் சொல்லக் கூடாது? இந்தக் கொட்டகையில் ஆன்ட்டியின் கையை மறுத்துப் பேச ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வலி குறையும். ஆனால் நாளையிலிருந்து பழம் வைக்கப்போவது இன்னொரு கை, அதுவும் அவர் நடையிலேயே.

பிறகொரு நாள் சாப்பாட்டு வேளையில் அவரிடமே போய், நிஜமாக என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்துல நீயும்தான நின்ன? என் மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன் ஆன்ட்டி."

"அப்ப எழுது. புரியலைன்னா விட்டுரு."

விட்டுவிட்டேன். மூடிய விரல்களுக்குள் பழம் இருக்கிறது. ரொய்மதா அந்த விரல்களையே பார்க்கிறாள். ராவிரி லாரிக்காரனின் நம்பரைக் கையில் வைத்திருக்கிறார். ஆன்ட்டியின் தோள் வலிக்கிறது, கையை இன்னும் கீழே இறக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், பழம் அடிபட்டதா?