முப்பத்தேழாம் எண் வில்லை

பலகையில் அறுபது ஆணிகள். ஐம்பத்தொன்பது காலியாகிவிட்டன. முப்பத்தேழாவது ஆணியில் மட்டும் ஒரு பித்தளை வில்லை, எடுக்க ஆளில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பிரின் மூன்றாவது தடவையாகக் கத்தினார்: "முப்பத்தேழு! லாங்கம் சைலஸ்! எங்கடா தொலைஞ்ச?" கூட்டத்தில் நின்ற டார்கஸ் ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். சைலஸ் அவள் புருஷன்.

புதுக்கப்பலை ஆற்றில் இறக்கும் நாளில் பெம்ப்ரோக் டாக் ஊரில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, கடைகளுக்குப் பூட்டு, கப்பல் கட்டும் துறைமுகப் பட்டறையின் வாசல் ஊருக்கே திறந்துகிடக்கும். பாண்டு வாத்தியம் முழங்க, சீமாட்டி ஒருத்தி கப்பலின் முகப்பில் புட்டியை உடைக்க, அத்தனை கண்களும் கப்பலின் மேல்தான். அதன் அடியில் அறுபது பேர் குனிந்தும் மல்லாந்தும் அதைத் தாங்கி நிற்கும் கட்டைகளை ஒவ்வொன்றாக அடித்து விலக்குவதை யார் பார்க்கிறார்கள்! உள்ளே போகுமுன் ஒவ்வொருவனும் தன் எண் போட்ட வில்லையை மாட்டிவிட்டுப் போவான். கப்பல் தண்ணீருக்குப் போனதும் வந்து எடுத்துக்கொள்வான். எடுத்தால் ஆள் பிழைத்தான் என்று அர்த்தம்.

டார்கஸ் இன்று வருவதாகவே இல்லை. சைலஸ் வாரமெல்லாம் பட்டறைப் பக்கம் தங்கி, சனிக்கிழமை படகில் ஆற்றின் மேல்பக்கத்து ஊரான லாங்கம் திரும்புகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை, "கட்டை அடிக்கிற கூட்டத்துல என்னையும் சேத்துட்டாங்கடி" என்று ஏதோ பட்டம் வாங்கியவனைப்போல் வந்து சொன்னான். அவள் ஆற்றில் வலை இழுக்கிறவள், கழுதைமேல் சிப்பிக்கூடை ஏற்றி இருபது மைல் நடந்து விற்கிறவள். லாங்கம் பெண்களுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஆற்றின் இரு கரைக்கும் தெரியும். மறுநாள் விடியலில் அவன் படகைத் தள்ளும்போதும் அவள் வாய் ஓயவில்லை. "கப்பலுக்கு அடியில போய்ப் படுக்கிறவனுக்கு நான் ஆக்கிப் போட மாட்டேன். போறதா இருந்தா இந்த வீட்டுப் பக்கமே வராதே!" அவன் துடுப்பை வலித்துப் போய்விட்டான். மூன்று நாள் வீம்பாக இருந்தவள், இன்று காலை மனசு கேட்காமல் சித்தி மகள் கெசாயாவின் படகில் ஏறி வந்துவிட்டாள். வந்ததற்கு இதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"உள்ள போய்ப் பாருங்கய்யா! நிக்கிறீங்களே மரம் மாதிரி!" என்று பிரின்மேல் பாய்ந்தாள்.

பிரின் தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பியைக் கழற்றியதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. "அம்மா, ஓதம் முழுசா ஏறி நிக்கிற நேரம் பாத்துத்தானே கப்பலை விடுவோம். கப்பல் வழுக்கி இறங்குற சரிவோட அடியெல்லாம் இப்போ தண்ணிக்குள்ள. வத்தினாத்தான் ஆள் இறங்க முடியும்."

"எப்ப வத்தும்?"

"உனக்குத் தெரியாததா தாயி."

தெரியும். ஆறு மணி நேரம். பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரின் போக்குவரவை வைத்துத்தான் அவள் எழுந்ததும் படுத்ததும். அவசரப்படுத்தினால் அசையுமா அது? கல்படியில் உட்கார்ந்தாள். கெசாயா ரொட்டித்துண்டை நீட்டினாள், தொடவில்லை. பாண்டுக்காரர்கள் போனார்கள், சீமாட்டி போனாள், குழந்தைகள் போனார்கள். புதுக்கப்பல் ஆற்றின் நடுவில் கொடிகளோடு நின்றது. அதை ஏறிட்டுப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வராதே என்று தான் சொன்ன ஒரு வார்த்தையே அவளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கோபத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். எதையும் கேட்காத மனுஷன், இதை மட்டுமா கேட்க வேண்டும்?

"அவன் கெட்டிக்காரன்டி. எங்கயாவது கட்டையைப் புடிச்சிக்கிட்டு மெதந்திருப்பான்" என்றாள் கெசாயா.

"அவனா கெட்டிக்காரன்? செருப்பைக் கால்ல போட்டுக்கிட்டே வீடெல்லாம் தேடுவான்" என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஏழு மணிக்கு வெயில் இன்னும் கரையில் இருந்தது. தண்ணீர் விலகி, சரிவின் கீழ்ப்பகுதி சேறும், கப்பல் வழுக்குவதற்காகப் பூசிய கொழுப்புமாக வெளியே வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கம்புகளோடு இறங்கினார்கள். சற்று நேரத்தில் ஒருவனையும் அடையாளம் தெரியவில்லை, எல்லாரும் சேற்று மனிதர்கள். ஆற்றுப் பக்கமாகப் படகில் வந்த இன்னொருவனும் ஏதோ விசாரித்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி எறிந்து குதித்தான். அவன்தான் எல்லாரையும்விடத் தவித்தான். கம்பு எதற்கு என்று இரண்டு கையாலும் தோண்டினான். "இந்தக் கட்டைக்கு அடியில பாருங்கப்பா! நாலு பேரு வாங்க! மூச்சு இருந்தாலும் இருக்கும்!"

டார்கஸ் எழுந்து நின்றாள். அந்தக் குரலை அவள் பதினான்கு வருஷமாகக் கேட்டுத் தொலைத்திருக்கிறாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கெசாயா பிடித்த கையை உதறினாள்.

"யோவ்! யாரத் தேடுற?"

அவன் நிமிரவில்லை. "நம்ம கூட்டத்து ஆளு ஒருத்தன் மாட்டிக்கிட்டான். பொம்பளைங்க தள்ளி நில்லுங்க!"

"எந்த ஆளு?"

"பேரு கேக்கல. யாரோ முப்பத்தேழாம் நம்பராம்…"

சொன்னவன் அப்படியே நின்றான். சேற்றுக் கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. ஒரு பையைத் தடவிற்று, மறு பையைத் தடவிற்று. பிறகுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

சரிவில் நின்றவர்கள் தோண்டுவதை விட்டு இவனைப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், அவ்வளவுதான், அத்தனை பேரும் கம்பைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பிரின் மட்டும் தொப்பியைச் சேற்றில் அடித்தார். "ஆறு மணி நேரமாக் காத்துக் கிடந்துடா உன்னைத் தேடுறோம், கூட நீயும் வந்து தேடுறியாடா பாவி!"

டார்கஸ் அவனை இரண்டு கையாலும் அடித்தாள். முதுகில், தோளில், எங்கே பட்டதோ அங்கே. அடித்துக்கொண்டே கட்டிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்துவிட்டது அவளுக்கு. அது மாத்திரம் போதும், வேறு எந்த நியாயமும் இப்போது வேண்டியதில்லை.

"எங்கய்யா போன?"

"கப்பல் போனதும் கொழுப்பெல்லாம் கட்டி கட்டியா தண்ணில மெதக்குமில்ல… உன் படகுக்குப் பூசலாம்னு நாலு கட்டி அள்ளிப் போட்டுக்கிட்டு, வில்லைய மறந்துட்டு நேரா வீட்டுக்குப் போனேன். உசுரோட நின்னா நீ கோவத்த விட்டுடுவன்னு நெனச்சேன்." கைச்சேற்றைச் சட்டையில் துடைத்தான். "வீடு பூட்டிக் கெடந்துச்சு. கூரை மேல புகை கூட இல்ல. என்னை விட்டுட்டு உங்க அம்மா வீட்டுக்கே போயிட்டன்னு நெனச்சிட்டேன்டி. கெசாயா கப்பல் பாக்க வந்திருப்பா, அவளக் கேக்கலாம்னு திரும்ப வந்தா, இங்க ஒருத்தனக் காணோம்னாங்க. சும்மா நிக்க முடியுமா?"

"முடியாதுதான்" என்றாள். மூக்கைப் புறங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் சேறாயிற்று.

மறு ஓதம் ஏறத் தொடங்கியபோது கெசாயா தன் படகில் முன்னே போனாள். சைலஸ் தன் படகில் துடுப்புக்குக் கை நீட்டினான், டார்கஸ் கொடுக்கவில்லை. கொழுப்புக் கட்டிகளுக்கு நடுவில் அவன் சாய்ந்து உட்கார்ந்தான். புதுக்கப்பலைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனான். ஏறும் தண்ணீர் படகைத் தானாகவே லாங்கம் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. அவள் பெயருக்குத் துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். படகின் அடியில், சேறு காய்ந்து வெடித்திருந்த அவன் வெறும் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்து அழுத்தியிருந்தாள். ஆற்றின் திருப்பங்களில் உடம்பு சாய்ந்தபோதும் அதை எடுக்கவில்லை.