உருகாத ஐஸ்

கார்ஸ்வெல் நகரத்து ஐஸ் ஹாக்கி அணியை விற்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பிறகு, அரங்கின் குளிரூட்டும் இயந்திரங்களை நிறுத்தினார்கள், ஐஸ் உருகவில்லை. வெளியே தார் இளகும் ஜூலை வந்தது. உள்ளே சிவப்புக் கோடும் நீலக் கோடும் கலங்காமல் தரை இறுகிக் கிடந்தது. நகராட்சி ஹீட்டர் வைத்துப் பார்த்தது, உப்புக் கொட்டிப் பார்த்தது. இடிக்க வந்த ஒப்பந்தக்காரர், ஐஸ் போகாமல் அடித்தளத்தில் கைவைக்க முடியாது என்று திரும்பிப்போனார். கதவைப் பூட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

டோரீனுக்கு வருத்தம் அணி போனதில் இல்லை. கணவர் இறந்த பிறகும் வருஷாவருஷம் அதே இருக்கைக்கு அவள் விடாமல் வாங்கிய சீசன் டிக்கெட்டில், பக்கத்து இருக்கைக்காரர் வெண்டல். அத்தனை குளிர்காலங்களில் அவருடைய வயிற்றுப்புண்ணும் மகள் கோரினின் விவாகரத்தும் அவளுக்கு அத்துபடி. குடும்பப் பெயரோ வீடோ தெரியாது. இருக்கைக்காரர்கள் அதைக் கேட்டுக்கொள்வதில்லை; அடுத்த ஆட்டத்தில் பார்க்கத்தானே போகிறோம். கடைசி ஆட்டம் என்று அறியாமலே கையசைத்துப் பிரிந்திருந்தார்கள்.

மாலைதோறும் டோரீன் போய் உட்கார்ந்தாள். அவருடைய இருக்கையில் படியும் உறைபனியைக் கையுறையால் துடைத்தாள். அவருக்காக ஜெபித்தாள், குடும்பப் பெயர் சொல்லாவிட்டாலும் ஆண்டவருக்கு ஆளைத் தெரியும். வேறு யாரும் வரவில்லை. நான்கு வருஷம் அப்படிப் போனது.

ஒரு மே மாதம் வெண்டல் கைத்தடியோடு வந்து நின்றார்.

"நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"அவ்வளவு ஆசையா? நகருங்க, கோல் மறைக்குது."

ஐஸில் யாரும் ஆடவில்லை. ஆனாலும் அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மக ஊர்ல இருந்துட்டு இப்பத்தான் வந்தேன். மூணு சர்ச்சுல உங்களை விசாரிச்சேன். எந்த டோரீன்னு கேக்குறாங்க. பேந்தப் பேந்த முழிச்சேன்."

"ஹலுஷ்கா. மில் ரோடு, பச்சைக் கதவு."

"ஓக்லி. ரயில் பாலத்துக்குப் பக்கத்துல."

"இதைக் கேக்க இவ்வளவு நாளா உங்களுக்கு?"

"நீங்க மட்டும் கேட்டீங்களாக்கும்."

அதன்பின் மாலைகளில் இருவரும் வெறும் ஐஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அரங்கை இடிக்கும் தீர்மானத்தை நகராட்சி ஓசையின்றிக் கைவிட்டது.

மூன்றாவது கோடையில் வெண்டல் இறந்தார். இந்த முறை டோரீனுக்கு வீடு தெரியும், யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வேகவைத்து எடுத்துக்கொண்டு ரயில் பாலத்தடிக்கு நடந்தாள். அடக்கத்துக்கு வந்திருந்த மகள் கோரின் கதவைத் திறந்தாள். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத இருவரும் அடுக்களையில் அதைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அடக்கம் முடிந்த மாலை வீட்டுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. அதனால் அரங்குக்குப் போய் உட்கார்ந்தார்கள். அங்கே எப்போதும்போல் குளிராக இருந்தது.