நாலிலிருந்து மூன்றுக்கு

1.

இந்தக் கதை ஒரு காரின் பின்கண்ணாடியிலிருந்து வந்தது. திருப்பரங்குன்றம் சாலையில் எனக்கு முன்னால் அது ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒட்டிய தாளில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள்: ‘உள்ளே நோயாளி. ஹாரன் அடிக்காதீர்கள்.’ எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘தனிஸ்லாஸின் மனதைப் போலவே அன்று வானமும் இருண்டு…’

[வேண்டாம். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. துக்கப்பட மேகம் எதற்கு?]

2.

தனிஸ்லாஸ் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அவனியாபுரத்து வீட்டில் எப்போதும் கார் ஓட்டியது அவர் மனைவி ஆனிமேரிதான். அவர் லைசென்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டதோடு சரி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கடலை தின்பார். இப்போது ஆனிமேரிக்குப் புற்று முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்டு வைக்க வேண்டும்.*

வாடகைக் கார்கள் அவளைக் குலுக்கிப் போட்டன. அதனால் தனிஸ்லாஸே ஸ்டியரிங்கைப் பிடித்தார். அது இன்னும் மோசம். கியரைக் குறைக்கும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுத்தது. பின்சீட்டில் மகள் ஜெஸியின் கையில் சாய்ந்திருந்த ஆனிமேரி ‘ஸ்ஸ்’ என்பாள்.

“நாலுலேர்ந்து மூணுக்கு வாரப்ப கிளட்ச்ச டபக்குனு விடாதீங்க. மொதல்ல பிரேக்கப் புடிச்சு வேகத்தக் கொறைங்க. கியர மாத்திட்டு ஆக்ஸிலேட்டர லேசா ஒரு மிதி. அப்புறம் மெல்ல கிளட்ச்ச விடுங்க. இன்ஜினும் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்துட்டா வண்டி வெட்டாது.”

“இம்புட்டையும் ரெண்டு கால வச்சு எப்புடி மேரி?”

“எனக்கு மட்டும் நாலு காலா இருந்துச்சு?”

சிரித்தாள். சிரித்ததும் வலித்தது.

(இங்கே எனக்கொரு சந்தேகம். இத்தனை வலியில் ஒருத்தி கிண்டலடிப்பாளா? அந்த வரியை அடித்துப் பார்த்தேன். அடித்ததும் அவள் வெறும் நோயாளியாகிவிட்டாள். இருக்கட்டும்.)

* எங்கள் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அதுதான் பெயர்.

3.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு அவர் மட்டும் ஏர்போர்ட் சாலையில் பழகினார். நாலு, மூணு. மூணு, ரெண்டு. ஆனால் பின்சீட்டில் ஆள் இல்லாமல் சரியா தப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் வலிதான் அவருக்கு வாத்தியார். இதை நினைத்து ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர்…

[அழுதார். எழுதக் கூச்சமாக இருந்தது. எழுதிவிட்டேன்.]

4.

பிறகு ஒரு காலை. பாலம் ஏறி இறங்கி, வேகத்தடைகள் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“மேரி! ஒரு வெட்டு கூட இல்ல, பாத்தியா!”

“ஆமாங்க, நல்லா ஓட்டுனீங்க,” என்றாள் ஆனிமேரி, அரைக்கண் மூடியபடி.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. முந்தின நாள் டாக்டர் ஜெஸியைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வலியை மட்டும்தான் குறைக்க முடியும் என்று சொல்லி ‘மார்பின்’ என்ற வலி மரக்கடிக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். கிளம்புமுன் ஜெஸி முதல் மாத்திரையைக் கொடுத்திருந்தாள்.

5.

முடிவு ஒன்று: வண்டி வெட்டவேயில்லை. அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

முடிவு இரண்டு: வழி நெடுக வெட்டியது. அம்மாவின் முதுகுக்கு அணைகொடுத்திருந்த ஜெஸியின் கைக்கு ஒவ்வொரு வெட்டும் தெரிந்தது.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டாவதை என்னால் தாங்க முடியவில்லை.

தனிஸ்லாஸ் இறங்கிவந்து பின்கதவைத் திறக்கிறார். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா எனக்காகச் சொல்லுவா. நீ சொல்லு ஜெஸி, இன்னைக்கு வெட்டுச்சா?”

வெட்டியது என்றால், அம்மா ஏன் சத்தமே போடவில்லை என்று அடுத்து கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வெட்டவில்லை என்றால், அவர் இப்படியே சிரித்துக்கொண்டு நாளைக்கும் ஓட்டுவார்.

ஜெஸி வாயைத் திறக்கிறாள். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள். ஆனிமேரி கண்ணைத் திறந்து மகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.