மாப்பிள்ளை மாட்டிய ஒயர்

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பதைவிட நொண்டியது என்றால் சரியாக இருக்கும். நாலு சிலிண்டரும் அடிக்க வேண்டிய நாலு அடியில் ஓர் அடி விழவேயில்லை. மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை புருஷன், அந்தப் பழைய காரைப் பதினோரு வருடமாக ஓட்டுகிற டிரைவர், ஷெட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் கோளாறு இன்னதென்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது முதலாளி உத்தரவு.

வேலை போவது ஒரு பக்கம். போகிற விதம்தான் டிரைவருக்குத் தாங்கவில்லை. முதலாளியின் மருமகன், அந்த வீட்டில் எல்லோருக்கும் மாப்பிள்ளை, நேற்று சைலன்சர் பக்கம் குனிந்து புகையை மோந்து பார்த்துவிட்டு, "பெட்ரோலை வித்துட்டு மண்ணெண்ணெய் கலந்திருக்கான் மாமா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். திருடன் என்று பெயர் வாங்கியவனிடம் இனி எவன் வண்டியைக் கொடுப்பான்?

"மண்ணெண்ணெய் கலந்தா நாலும்ல திணறணும்? ஒண்ணு மட்டும் எப்படிச் சாகும்?" என்றார் மெக்கானிக். "அந்த நாத்தம் எரியாம வர்ற பெட்ரோல். இது தெரியாம மூக்கை நீட்டிக்கிட்டு வந்துட்டாரு."

கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு பிளக்கு ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதல் ஒயரைப் பிடுங்கியதும் இஞ்சின் குலுங்கித் தடுமாறியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதான் மாப்ளே செத்தது. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

வண்டியை அணைத்து, இரண்டாவது பிளக்கையும் மூன்றாவதையும் இடம் மாற்றி மறுபடி கிளப்பினார். அப்போதும் மூன்றாவதுதான் ஊமையாக இருந்தது. "பிளக்கு மேல தப்பில்ல. அந்த ஷட்டரை இறக்குங்க."

ஷட்டர் இறங்கியதும் ஷெட் இருட்டானது. மூன்றாவது ஒயரின் அடிவயிற்றிலிருந்து நீலப்பொறி ஒன்று டிக் டிக்கென்று இரும்பின் மேல் தாவிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே கொட்டிப்போனது.

"புது ஒயர் மாப்ளே இது! எந்த மடையன் மாட்டினது? தூக்கிப் பிடிக்க ஒரு கிளிப்பு கூட இல்ல. கொதிக்கிற குழாய் மேல படுத்து உருகிக் கெடக்கு."

டிரைவர் சட்டைப் பையிலிருந்து நாலு சின்னக் கறுப்புக் கிளிப்புகளை எடுத்து நீட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போனில் வீடியோ பார்த்துக்கொண்டே, தன் கையால் சிவப்பு ஒயர் மாட்டினார். வீடே நின்று வேடிக்கை பார்த்தது. தரையில் கிடந்த கிளிப்புகளை டிரைவர் பொறுக்கிக் கொடுத்தபோது, "அது எக்ஸ்ட்ரா, தூக்கிப் போடு" என்றார்.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"வீட்டு மாப்பிள்ளைகிட்ட எப்படி மச்சான் சொல்றது?"

பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. சட்டையில் கிரீஸ் படும் என்று மாப்பிள்ளை வெளியிலேயே போனோடு நின்றுகொண்டார். முதலாளி மட்டும் உள்ளே வந்தார். மெக்கானிக் மறுபடி ஷட்டரை இறக்கி அந்த நீலப்பொறியைக் காட்டினார். முதலாளி சிவப்பு ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தணித்தார்.

"சரி, மாத்திடு. ஆனா மாப்பிள்ளை காதுல இது விழ வேண்டாம். பொண்ணைக் கொடுத்த இடம், முகம் வாடக் கூடாது."

"அப்ப என் வேலை, ஐயா?" என்றார் டிரைவர்.

"உன்னை வெச்சுக்கிட்டா அவர் சொன்னது பொய்யின்னு ஆயிடும்ல? கொஞ்சம் புரிஞ்சுக்கோ."

மெக்கானிக் ஸ்பேனரை மேஜை மேல் எறிந்தார். "இவரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதாங்க! என் கூடப் பொறந்தவளைக் கொடுத்த இடம். இவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டுவீங்க, அதைப் பார்த்துக்கிட்டு நான் ஒயர் மாட்டணுமா? மாட்ட மாட்டேன். ஆனதைப் பாருங்க!"

"அவரும் இவனும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு முதலாளி சாவிக்காகக் கையை நீட்டினார்.

டிரைவர் வண்டியை அணைத்தார், சாவியைக் கொடுக்கவில்லை. லைட்டைப் போட்டு, ரேக்கிலிருந்து புது ஒயரை எடுத்தார். உருகியதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். நாலு கிளிப்பையும் அதனதன் இடத்தில் அழுத்தி, ஒயர்கள் குழாயில் படாமல் தூக்கி நிறுத்தினார். ஷட்டரை ஏற்றினார்.

"எதுக்கு மாப்ளே?" என்றார் மெக்கானிக்.

"வண்டி என்ன பண்ணுச்சு மச்சான்?"

அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தார். முதலாளி முன் சீட்டில் ஏறிக்கொள்ள, மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து கிளப்பினார். நாலு அடியும் பிசிறில்லாமல் விழுந்தது. அவர் முகமெல்லாம் பல்லாக முதலாளி பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா மாமா? மெக்கானிக் நல்ல பெட்ரோலை ஊத்தியிருப்பான், எப்படி ஓடுது!"

"ஆமா மாப்பிள்ளை" என்றார் முதலாளி, நேராக ஷெட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

கார் பின்னால் நகர்ந்தது. டிரைவர் பதினோரு வருடப் பழக்கத்தில் ரோட்டுக்கு இறங்கி, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, உருகிப்போன சிவப்பு ஒயர் இருந்த கையாலேயே "வரலாம், வரலாம்" என்று காட்டிக்கொண்டிருந்தார்.