இப்படிச் செய்யச் சொன்னது நான்

1

இந்தக் கதை திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம்.

கினிகத்தேனையில் எனக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, டைப்பிங், ரீலோட், லெமினேட்டிங். வாடிக்கையாளர் கொண்டுவரும் காகிதத்தைப் படிக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் ஒழுங்கு. நான் எல்லாவற்றையும் படிப்பேன். பிறப்புச் சான்றிதழ், வழக்கு நோட்டீஸ், ஒருமுறை காதல் கடிதம்கூட (இரண்டு கொப்பி; இரண்டு பேருக்காம்). அப்படிப் படித்த ஒரு போமிலிருந்துதான் இது பிறந்தது.

தொடக்கத்தை மூன்று தரம் எழுதினேன்.

"மழை விட்டபாடில்லை. வட்டவளைக்கு மேலே மலை" – வெட்டிவிட்டேன். மழையில் தொடங்காத மலையகக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

"பூரணி வரலாற்றை நேசித்தாள். வரலாறோ அவளை" – சீ. எழுதிய எனக்கே கூசியது.

"பூரணி ஒரு வாரம் முழுக்கத் தவறு செய்தாள்." இது நிற்கட்டும்.

2

பூரணிக்கு முப்பத்தாறு வயது. பிரதேச சபை உறுப்பினர். அதற்கு முன்பு ஹட்டனில் டியூஷன் வகுப்பில் பதினோரு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். இன்றைக்கும் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அவளை உறுப்பினர் என்று கூப்பிடுவதில்லை. டீச்சர்தான்.

தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். வட்டவளைக்கு மேலே ஒரு டிவிஷன். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் இருக்கும் லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பின்னால் மலையில் பிளவு விட்டுவிட்டது. பார்க்க வந்த அதிகாரிகள் உடனே இறங்கச் சொன்னார்கள். கீழே ஒரு மண்டபம் தயார் என்றார்கள். அதற்கு முன் குடும்பத்துக்கு ஒரு போம், நிரப்பிக் கையெழுத்து வைக்க. போம் முழுவதும் சிங்களத்தில்.

பூரணிக்குச் சிங்களம் பேச வரும். சட்டச் சிங்களம் வராது. அதனால் என் கடைக்கு வந்தாள். நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் பிரிவு இது:

"தற்காலிக இடத்துக்கு மாறும் நான், இப்போது வசிக்கும் லய அறைக்கும் அதைச் சேர்ந்த மரக்கறித் தோட்டத்துக்கும் எந்த உரிமையும் கோரமாட்டேன்."

தற்காலிகம் என்றால் எத்தனை நாள், அதற்குப் பிறகு எங்கே போவது, ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பூரணி இரண்டு தரம் வாசித்தாள்.

"அண்ணே, இதுல யாரும் கையெழுத்து வைக்கமாட்டாங்க. நான் விடமாட்டேன்."

[முதல் வரைவில் இந்தக் கடை இல்லை, நானும் இல்லை. போமைத் தமிழாக்கியது "ஒரு நண்பர்" என்று எழுதியிருந்தேன். போமை அனுப்பிய காரியாலயத்துக்காரர்களும் என்னிடம்தான் கொப்பி எடுக்கிறார்கள். எதற்கு வம்பு?]

3

ஒரு வாரம் லயம் லயமாகப் போய் வேண்டாம் என்று சொன்னாள். அவள் கையில் இருந்த ஆயுதம் 1964. இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களில் இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று பிரித்துக்கொண்ட வருடம். பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் அரசியலுக்கும் வந்தாள்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். அவள் எதிர்த்தது மக்களுக்காகவா, அல்லது படித்த பாடம் சரி என்று காட்டவா? எழுதிப் பார்த்தேன்: "புதிதாக வென்றவளுக்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டது, ஆகவே" – முடிக்கவில்லை. பொறாமையில் எழுதியது அது. நானும் ஒரு காலத்தில் எலெக்‌ஷன் கேட்டு நூற்றுப்பன்னிரண்டு வாக்கு வாங்கியவன்.

ஆனாலும் ஒன்று தெரியும். அந்த வாரத்தில் மலை வெடிப்பு ஒரு முழம் அகன்றது.

4

எட்டாம் நாள் காலை. பெரட்டுக்களம்; அதாவது ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். நூற்றைம்பது வருடமாக அங்கே ஆட்கள் கேட்டுக்கொள்ளத்தான் நின்றார்கள், கேள்வி கேட்க இல்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி, வேலை பிரிக்கும் கண்டாக்கு ஐயாவிடம் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கியிருந்தார்.

பூரணி என் தமிழ்ப் பிரதியை வரிவரியாக வாசித்தாள். பிறகு சொன்னாள்:

"அறுபத்துநாலுல நம்மளக் கேக்காமயே நம்மளப் பங்கு போட்டாங்க, பொறகு போம்ல எழுதி வாங்கிக் கப்பலேத்துனாங்க. இனி அது நடக்கக்கூடாது. கையெழுத்து வைக்காதீங்க."

கொழுந்துக் கூடையோடு நின்ற பேச்சியம்மா கையைத் தூக்கினாள். கடைசி லயத்தில் கடைசி அறை அவளுடையது. சுவர் வெடிப்புக்குள் அவள் கை முழங்கைவரை போகும். அந்தச் சுவர் ஓரம்தான் இரண்டு பிள்ளைகளும் படுக்கிறார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எழுதிக் குடுத்தவங்க என்ன ஆனாங்கன்னு சொல்றீங்க. எழுதிக் குடுக்காம இருந்தவங்க என்ன ஆனாங்க? அதயும் படிச்சிருப்பீங்கல்ல?"

(இங்கே பூரணிக்கு ஒரு நல்ல பிரசங்கம் எழுதி வைத்திருந்தேன். அவளே வாசித்துவிட்டு வெட்டச் சொன்னாள். "அண்ணே, நான் அப்ப இப்படியெல்லாம் பேசவே இல்ல.")

படித்திருந்தாள்; அதுதான் விஷயம். பதினோரு வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறாள். 1949இல் நம் ஆட்கள், பறிக்கப்பட்ட பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க ஒரு சட்டம் வந்தது. இரண்டு வருடக் கெடு. அந்தச் சட்டமே அவமானம் என்று நம் தலைவர்கள் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்றார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. அது அவமானம்தான். ஆனால் கெடு காத்திருக்கவில்லை. பிறகு, விண்ணப்பியுங்கள் என்றார்கள். அடித்துப்பிடித்து நிரப்பினார்கள். பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.*

அவள் 1964ஐ நெஞ்சிலும் 1949ஐ நோட்டிலும் வைத்திருந்தாள். வரலாறு படித்த தலைவர்களுக்கு வரும் நோய் இது. கோபம் வரும் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

பூரணி என் பிரதியை மடித்தாள்.

"தப்பு என்னோடது," என்றாள் பூரணி. "ஒரு வாரமா உங்கள அந்த மலைக்கடியில படுக்க வச்சது நான். நாப்பத்தொம்பதுல வேணாம்னு சொன்ன தலைவருங்க பேரு, தள்ளுபடியான ஒரு போம்லயும் இல்ல. தள்ளுபடியானவங்க பேரு மட்டுந்தான் இருந்துச்சு."

"அப்ப வைக்கிறதா வேணாமா? அதச் சொல்லுங்க டீச்சர். கண்டாக்கு ஐயா மணியப் பாக்குறாரு," என்றார் செல்லசாமி.

"இறங்குறோம். இன்னைக்கே. ஆனா அந்த மூணாவது வரிய நாங்க எழுதுவோம். சரின்னு படுறவங்க கையத் தூக்குங்க."

முதலில் பேச்சியம்மாவின் கை எழுந்தது. அன்று பெரட்டில் வேலை பிரிக்கவில்லை.

* பூரணியின் நோட்டில் இதற்கு அரைப் பக்கம். 1964க்கு ஒன்பது பக்கம். எண்ணிப் பார்த்தேன்.

5

பத்து மணிக்குக் கடைக்கு வந்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல இரண்டு மொழியிலும் டைப் பண்ணினேன். புதிய மூன்றாம் பிரிவு:

"உயிருக்கு ஆபத்து என்பதால் இறங்குகிறோம். வேறு காணி உறுதிப் பத்திரத்தோடு கையில் கிடைக்கும்வரை எங்கள் உரிமையை விட்டுத்தரவில்லை."

எழுபத்தாறு கொப்பி. குடும்பத்துக்கு ஒன்று, காரியாலயத்துக்கு ஒன்று.

"அடியில இன்னொரு வரி போடுங்க அண்ணே. 'இப்படிச் செய்யச் சொன்னது நான். பூரணி, பிரதேச சபை உறுப்பினர்.'"

"எதுக்கும்மா? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நேரா உங்க கழுத்துக்குத்தான் வரும்."

"அதுக்குத்தான்."

எழுபத்தாறிலும் கையெழுத்து வைத்தாள். பாதியில் பேனா மை தீர்ந்தது. என் பேனாவைக் கொடுத்தேன். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மொழிபெயர்த்தவர்னு உங்க பேரு வரணுமே?"

கொப்பி மெஷினில் பேப்பர் சிக்கிவிட்டதுபோல் அதைத் திறந்து குனிந்துகொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் வலிக்கிறது.

6

பகல் இரண்டரை. கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். பூட்டியிருந்த மண்டபத்து வாசலில் முப்பத்தெட்டுக் குடும்பங்களும் பாய், சட்டி, பள்ளிக்கூடப் பைகளோடு நின்றன. கையொப்பமிட்ட போமை அவரவரே அதிகாரியிடம் நீட்டினார்கள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதினால் எனக்குச் சுலபம். அவர் போமைப் புரட்டிப் பார்த்து, இது எங்கள் போம் இல்லையே மிஸ், மேலிடத்தைக் கேட்காமல் சாவி தரமுடியாது என்று சிங்களத்தில் சொன்னார். போனை எடுத்தார். தூரத்து மலை மறைந்து தூற்றல் இறங்கிக்கொண்டிருந்தது.

பூரணி சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: "பேசுங்க சேர். பத்து நிமிஷம் நிற்கிறோம். மேலே மட்டும் திரும்பமாட்டோம்."

பிறகு செல்லசாமி பக்கம் திரும்பினாள். அவர் கையில் அலவாங்கு (கடப்பாரை) இருந்தது.

"பத்து நிமிஷத்துல தெறக்கலன்னா பூட்ட ஒடச்சிருங்க. பொலிஸ் கேட்டா என் பேர மட்டும் சொல்லுங்க. எழுதியே இருக்கு."

பேச்சியம்மா சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றாள்.

7

கதவு திறந்ததா? எனக்குத் தெரியும். நான் அங்கேதான் நின்றேன்.

முடிவு ஒன்று: போனில் "சரி" என்றார்கள். முடிவு இரண்டு: அலவாங்கு பேசியது, பூரணி இப்போது வழக்குக்கு அலைகிறாள். மூன்று: அன்று மாலை மலை இறங்கி – இல்லை, அதை எழுத என் கை வரவில்லை.

எதையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதை வைத்துத்தான் அவளை எடைபோடுவீர்கள். திறந்தால் கெட்டிக்காரி, திறக்காவிட்டால் அவசரக்காரி. 1949காரர்களையும் நாம் அப்படித்தான் படித்தோம், கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு. அவள் முடிவெடுத்தபோது கதவு பூட்டியிருந்தது.

கடையில் செய்யாததை இங்கே செய்கிறேன். அந்தப் போமைத் தமிழாக்கியதும், அச்சடித்ததும், இந்தக் கதையை எழுதியதும் நான்: கிளைவ் அமிர்தநாதன், கினிகத்தேனை. (சிரிக்காதீர்கள். அப்பா வைத்த பெயர்.) அந்தக் காரியாலயத்துக்காரர்கள் இனி வேறு கடையில் கொப்பி எடுக்கட்டும்.

ஆறு நிமிடம் போய்விட்டது. போன் இன்னும் அதிகாரியின் காதில் இருக்கிறது. தூற்றல் மழையாகிவிட்டது. உடைப்பதா, காத்திருப்பதா, நீங்கள் சொல்லுங்கள். இப்போதே சொல்ல வேண்டும். சொன்னபின் கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள்.

இப்படிச் செய்யச் சொன்னது நான்:

..............................